வெள்ளைக்காரச் சிப்பாயின் செலவு

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சத்யநாராயணன் சாருக்கு மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. ஷாகுல் பாய் புத்தகம் போட்டுவிட்டார், அதுதான் வியாதி.

ஷாகுல் பாய் மார்க்கெட்டில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். புத்தகம் வெள்ளைக்காரன் காலத்து ராணுவச் செலவைப் பற்றி. இங்கிலாந்தில் ஒரு சிப்பாய்க்குப் பயிற்சி கொடுத்துக் கப்பலேற்றினால், அந்தப் பயிற்சிச் செலவையும் தலைக்கு இவ்வளவு என்று இந்தியாவிடமே வாங்கினார்களாம். நம்மை அடக்கி வைக்க வந்தவனுக்கு நாமே பணம் கட்டியிருக்கிறோம்! இதைத்தான் சார் எழுதப்போவதாகப் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராணுவக் கணக்குத் தணிக்கையில் ஆபீசராக ரிட்டயர் ஆனவர். அவரைவிட யாருக்கு உரிமை? எழுதியது என்னவோ தலைப்பு மட்டும். அதையும் நாலு தடவை மாற்றினார்.

"பெயிண்ட் டப்பா விக்கிறவனுக்கு ராணுவத்தைப் பத்தி என்னடி தெரியும்?" என்று மனைவி பாலாம்பாள் மாமியிடம் அவர் கத்தியது எங்கள் சமையலறைவரை கேட்டது. நான் மிக்ஸியை நிறுத்தியிருந்தேன், அதனால்தான்.

"தெரியாமலா இருநூறு பக்கம் எழுதினார்? உங்களை யாரும் தடுக்கலையே," என்றார் மாமி.

அன்றே சார் ஒரு பிரதி வாங்கிவந்தார், காசு கொடுத்து. மூன்று நாள் பேனாவும் கையுமாகத் தப்பு தேடினார். நாலாம் நாள் முகத்தில் அப்படி ஒரு களை.

"எழுபத்திரண்டாம் பக்கம், வருஷம் தப்பு! நாலு பேர் முன்னாடி கேக்கறேன் பாரு."

ஞாயிற்றுக்கிழமை நகர் நலச்சங்க ஹாலில் பாய்க்குப் பாராட்டு விழா. பாய் பேசி முடித்ததும் சார் எழுந்து, மைக்கே வேண்டாத குரலில் தப்பைச் சொன்னார்.

பாய் மேடையிலிருந்து இறங்கிவந்து சார் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "ஆமா சார், என் தப்புதான்." அடுத்த பக்கம் புரட்டினார். அதற்கடுத்தது. பிறகு முதலிலிருந்து.

மற்ற எல்லாப் பக்கத்தின் அடியிலும் பச்சை இங்க்கில் ஒரு டிக், பக்கத்தில் சாரின் குட்டிக் கையெழுத்து. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்த கை. சரியாக இருக்கும் பக்கத்தைச் சும்மா தாண்ட அதற்குத் தெரியாது.

"ஒரே ஒரு பக்கம் தவிர மொத்தத்தையும் சார் பாஸ் பண்ணிட்டார்!" பாய் கிண்டல் பண்ணவில்லை. "சரிபார்க்க ஆள் கிடைக்காம தவிச்சேன் சார். உங்க வீட்டு கேட் வரைக்கும் வந்து, பயந்து திரும்பிட்டேன்."

கைதட்டல். மாமியுடையதுதான் பலமாக. சார் எதிர்பார்த்து வந்த சத்தம் வேறு. உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த பதிப்புல, சரிபார்த்தவர்னு உங்க பேரைப் போட்டுக்கட்டுமா சார்?"

சார் லேசில் இறங்கவில்லை. "உள்ளயா, அட்டையிலயா?"

"அட்டையிலயே போடறேன்."

"உங்க பேருக்கு மேலயா, கீழயா?"