கால்மாட்டுத் துவாரம்

சென்ட்ரிங் மேஸ்திரியின் மனைவிக்கு நாள் தள்ளிப்போன நான்காம் நாள் காலை, அவர்கள் படுக்கையறைத் தரையின் நடுவில் நீளவாக்கில் பள்ளம் விழுந்து, இரண்டு ஓரங்களும் எழும்பத் தொடங்கின. டைல்ஸ் ஒன்றுகூட விரியவில்லை; நனைந்த அட்டைபோல வளைந்தது. கட்டில் தானாக நடுவுக்கு வந்து நின்றது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், அஸ்திவாரத்தில் கைவைத்தீர்களா என்று கேட்டார், வாடகை ஒப்பந்தத்தில் இதெல்லாம் கூடாது என்றார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மேஸ்திரி ரசமட்டம் வைத்தான். இந்த ஓரம் நான்கு விரல், அந்த ஓரமும் நான்கு விரல். இத்தனை ஒழுங்காக எழும்பும் தரையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று ஒத்துக்கொண்டான்.

அவள் வெளியே போய்ப் பார்க்காமல் இல்லை. தையல்கடையில் காஜா எடுக்கும் வேலை அவளுக்கு. ஒரு நாள் லீவு போட்டாலே முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு முறையும் வாசலைத் தாண்டியதும் தரை எழும்புவது நின்றது, அவளுக்கு அடிவயிறு இழுத்தது, சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டது. திரும்பி வந்து படுத்தால் வலியும் நின்றது, தரையும் எழும்பியது. மூன்றாம் முறை அவள் செருப்பைத் தேடவே இல்லை. இவர்களுக்கு இதற்கு முன்பு ஒரு பையன் பிறந்து பதினோரு நாள் இருந்தான். இடுப்புக்கு மேலே முதுகு மூடாமல் பிறந்தவன். அவனுக்குப் பிறகு அவள் எதற்கும் துணிந்திருந்தாள்.

மேஸ்திரியின் அக்கா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். பஸ் நேரம் சொல்கிற குரலில் விஷயத்தை விளக்கினாள். முதல் மாதம் முடிவதற்குள், தாய்க்கே பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக இருக்கிற நாட்களில், கருவின் முதுகில் தட்டையாகக் கிடக்கும் ஒரு தகடு இருபுறமும் எழும்பி, மேலே ஒட்டிக் குழாயாகும். ஒரு முனை மூளையாகும், மிச்சம் முதுகுத்தண்டுக்குள் ஓடும். கழுத்துப் பக்கம் முதலில் ஒட்டும். அங்கிருந்து இரு பக்கமும் மூடிக்கொண்டே போகும். தலைமாடு முதலில், கால்மாடு கடைசியில். "போன தடவை கால்மாடு மூடல. அவ்வளவுதான்," என்றாள். மாத்திரையெல்லாம் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தாயிற்று, இந்த முறை வீடும் சேர்ந்துகொண்டது என்று மேஸ்திரியின் மனைவி எடுத்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து, படுத்திருந்தவளின் கழுத்துக்கு நேர் மேலே இரண்டு ஓரங்களும் தொட்டு ஒட்டின. ஒட்டிய இடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்து, பிசிறே இல்லை, நல்ல கை என்று பாராட்டினாள். ஆனால் அதற்கு மூன்றாம் நாள் தலைமாட்டுத் துவாரம் மூடியபோது ஜன்னலும் தெருச் சத்தமும் ஒன்றாகப் போயின. அப்போதுதான் பயம் வந்தது. ஒரு மணி நேரம் கத்தினாள். கைமுட்டியால் குத்தினாள். குழாய் அவள் குத்துக்கு ஏற்றபடி அமுங்கி, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. உட்கார்ந்தால் தலை இடித்தது. பிறகு களைத்துத் தூங்கிப்போனாள்.

அந்தக் கத்தலைக் கேட்டவன் மேஸ்திரி. கூரை என்று ஒன்றைப் பார்த்தால் முட்டுக் கொடுக்காமல் அவனால் இருக்க முடியாது. சைட்டிலிருந்து இரும்பு ஜாக்கி ஒன்றைத் தோளில் தூக்கிவந்து, சமையலறைப் பக்கம் மிச்சமிருந்த கால்மாட்டுத் துவாரத்தில் நிறுத்தி, திருகி இறுக்கினான். துவாரம் ஒரு தட்டு நுழைகிற அளவில் நின்றுவிட்டது. அதன் வழியாகச் சோறு கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி அவன் முகத்தில் இருந்தது. இரண்டு நாள் அப்படியே போயிற்று. அக்காவின் கணக்கில், கரு தங்கிய நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள் மூட வேண்டும், அன்று இருபத்தேழு.

அக்கா வந்து ஜாக்கியைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டாள்.

"எடுடா அதை."

"மூடிட்டா எப்படிக்கா சாப்பிடுவா? எப்படி மூச்சு விடுவா?"

"அது எனக்கும் தெரியல. இது மூடலன்னா என்ன ஆகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் ஜாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "எனக்குப் பயமாத்தாங்க இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. ஆனாலும் எடுத்துடுங்க. எத்தனை கூரைக்கு முட்டுப் பிரிச்சிருக்கீங்க, இதைப் பிரிக்க மாட்டீங்களா?"

அவன் அழுதான். அழுதுகொண்டே, ஜாக்கி ஒரேயடியாக இறங்கிவிடாமல், வேலையில் செய்வதுபோலக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினான். துவாரம் கை அகலமாயிற்று, பிறகு வளையல் அகலமாயிற்று. அதன் வழியாக அவள் இரண்டு விரலை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். விடுங்க, நசுங்கிடும் என்று அவள்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தவை தெருவில் எல்லோருக்கும் தெரியும். குழாயின் தலைமாடு மூன்று புடைப்பாக வீங்கி, சுவரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தது. வண்டிகள் வளைந்து போகப் பழகின. ஒட்டிய தையல் ஓரத்திலிருந்து பட்டாணி அளவுத் துணுக்குகள் கழன்று அக்கம்பக்கத்துக்கு ஊர்ந்து போயின. கருவில் தோல்நிறமும் தாடையும் ஆகிறவை இவைதான் என்றாள் அக்கா. ஒன்று எதிர்வீட்டுச் சுவரில் ஏறி அதைக் கறுப்பாக்கியது. ஒன்று வீட்டுக்காரரின் கேட்டில் தங்கி அதற்குத் தாடையும் பல்லும் வைத்தது. அவர் புகார் எழுதி, யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று கேட்காதவர்கள் இல்லை. பசிக்கலை என்று உள்ளிருந்து பதில் வந்தது. சில நாள் பாடினாள். பல நாள் என்னை வெளியே எடுங்க என்று அழுதாள். மேஸ்திரி சம்மட்டியைத் தொடவில்லை. சுவரில் காது வைத்தபடி அவளோடு சேர்ந்து அழுதான்.

பத்தாம் மாதம் ஒரு மத்தியானம் உள்ளே குழந்தை வீறிட்டது. என்ன குழந்தை என்று அவன் மூன்று முறை கேட்டான். பிறகு அவள் சொன்னாள்: "முதுகு மூடியிருக்குங்க. கழுத்திலேர்ந்து கடைசி வரைக்கும் தடவிப் பார்த்துட்டேன். ஒரு சந்து இல்ல." அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பெண் குழந்தை என்பதை மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

குழாய் திறக்கவில்லை. மூடியது திறக்காது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அதைக் கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. அவன் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். சுவர் வழியாகக் கேட்கும் குரல் மட்டும் அவனுக்குப் போதவில்லை, அதுவும் உண்மைதான். ஐந்தாம் வருடம் ஆள் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். "மூணு பேர். ரெண்டு பேர் உள்ள இருக்காங்க," என்றான் மேஸ்திரி. அவர் நிமிர்ந்து பார்க்காமல் மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.