பதினாலு பூனைகள்

அக்காவின் உடலை ஏற்றிய வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. யாரும் உள்ளே வருவதற்குள் அவள் அறைக் கட்டிலுக்கு அடியில் இருந்த பூனைக் கூண்டுகளை மறைத்துவிட வேண்டும் என்று செயலாளர் தவியாய்த் தவித்தார். ஆறு கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றாக இழுத்துக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கம்பி கிழித்து விரலில் ரத்தம். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

நான்கு கட்டடங்கள் கொண்ட அந்தக் குடியிருப்பின் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவர்தான் செயலாளர். பெயர் சொல்லி அழைப்பார் எவரும் இல்லை. பெண்டாட்டி உட்பட எல்லாருக்கும் செயலாளர். ‘டேய்’ என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். தரைத்தளத்து ஒற்றை அறையில் இருந்த கூடப்பிறந்த அக்காவை மற்றவர்கள் பூனைக்காரி என்றார்கள்.

முப்பது வருடம் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே, கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்தாள். கூண்டைத் துணி போட்டு மூடினால் பூனை அடங்கிவிடும் என்பாள். தெருப்பூனைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள். அறுவை முடிந்ததற்கு அடையாளமாக இடது காதின் நுனி மட்டும் நறுக்கப்பட்டிருக்கும். மூன்று வருடத்தில் வளாகத்தில் குட்டி என்று ஒன்று பிறக்கவில்லை. இரவுச் சண்டையும் ஓய்ந்துபோனது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காரின் மேல் கால்தடம் தெரிந்தால் மட்டும், “செயலாளர் வீட்டுப் பூனைதான்” என்றார்கள். அந்த வார்த்தை அவருக்கு முள்ளாய்க் குத்தியது.

இதயம் பலவீனமாகி அக்கா மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் நாள், சங்கத்து ஆட்கள் ஒரு காகிதத்தோடு வந்தார்கள்.

“அவங்க இல்லாதப்பவே முடிச்சிடலாம் சார். அவங்க மனசும் நோகாது பாருங்க.”

கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை வலையும் சாக்குமாக இரண்டு பேர் வந்தார்கள். ஒன்றுகூட அகப்படவில்லை. “தட்டைத் தட்டினா வந்துடும்” என்று செயலாளரே சொன்னார். அக்காவின் அலுமினியத் தட்டை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். சத்தம் கேட்டு வளாகத்துப் பூனைகள் பதினாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தன.

எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

அன்று மாலையிலிருந்து தினமும் மருத்துவமனையில் ஒரே பேச்சுதான்.

“சாப்பிட்டுச்சாடா?”

“ம்.”

“பதினாலும்?”

“பதினாலும்தான்க்கா. நீ பேசாம தூங்கு.”

ஒன்பதாம் நாள் விடியும்போது அவள் மூச்சு நின்றுவிட்டது.

இப்போது அந்த ஒற்றை அறையில் அக்கா வெள்ளைத் துணிக்குள் ஒடுங்கிக் கிடந்தாள். பத்து மணி வாக்கில் வாசலில் சிறு சலசலப்பு. துணியால் மூடிய கூண்டு ஒன்றைக் கையில் ஏந்தி ஒரு பெண் உள்ளே வந்தார். விலங்கு மருத்துவர். கூண்டைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் காலருகே சற்று நேரம் நின்றார்.

“தம்பி நீங்கதானே?”

தலையாட்டினார்.

“அவங்க படுக்கிறதுக்கு முந்தின நாள் கொண்டுவந்த பூனை. புண்ணெல்லாம் ஆறிடுச்சு. முந்தாநாள் போன் பண்ணி, பிடிச்ச இடத்துலயே விட்டுடுங்கன்னாங்க. என் தம்பி பாத்துக்குவான், எல்லாத்துக்கும் அவன்தான் சோறு வைக்கிறான்னு ஒரே பெருமை.”

சுற்றி இருந்த சங்கத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். செயலாளருக்குக் காது மடல் கொதித்தது. “வாங்க டாக்டர், பின்னாடிதான்” என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காவலாளி கூடவே வந்தான்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், மதிலோரம், வெறிச்சென்று இருந்தது.

“மத்ததெல்லாம் எங்க?”

“இங்கதான்... எங்கயாவது சுத்திட்டு இருக்கும்.”

மருத்துவர் மதில்மேல் கண்ணை ஓட்டினார். வயிறு தொங்கிய சாம்பல் நிறப் பூனை ஒன்று அங்கே குந்தியிருந்தது.

“இது புதுசா இருக்கே. காது முழுசா இருக்கு, வயித்துல குட்டி வேற. பழசுங்க இருந்தா இதை உள்ள விட்டிருக்காதே?”

செயலாளர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“இல்லை டாக்டர். மத்ததெல்லாம் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.” கூண்டைக் கீழே வைத்தார். “அக்காவுக்கு இது தெரியாது. தெரியாமலே போயிட்டா.”

காவலாளி தொண்டையைச் செருமினான்.

“தெரியும் சார்.”

“என்ன?”

“தூக்கிட்டுப் போன மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிட்டேன். நான் சொன்னது உங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க. தம்பி வாயால அவனே சொல்லட்டும்னாங்க.”

செயலாளர் மனத்துக்குள் நாட்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தார். அதற்குப் பிறகும் நான்கு மாலைகள். சாப்பிட்டுச்சாடா என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். கடைசி மாலை, பதினாலும்தான் என்று அவர் சொன்னதும், சரிடா என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கம் வருகிறது போலும் என்று நினைத்துக் கிளம்பி வந்திருந்தார்.

“இதை நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடவா?” என்று மெதுவாகக் கேட்டார் மருத்துவர்.

“வேணாம். இங்க இனிமே ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க.”

மருத்துவர் கூண்டுக் கதவை அவரையே திறக்கச் சொன்னார்.

பூனை உடனே வரவில்லை. முன்பக்கத்தில், மயானத்துக்குப் போகக் காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். யாரோ “செயலாளர் சார்!” என்று கூப்பிட்டார்கள். அவர் மண்ணில் குந்தியபடியே இருந்தார். வெகுநேரம் கழித்து அது தலையை நீட்டி, காற்றை முகர்ந்து, மதிலோரமாக நடந்தது. குழாயடியில் நின்று குரல் கொடுத்தது. காது கொடுத்துக் கேட்டது. பிறகு படிக்கட்டுக்கு அடியில். பிறகு பழைய மரப்பெட்டிகளுக்குப் பின்னால். ஒவ்வொரு இடத்திலும் கூப்பிட்டு, சற்று நின்று பார்த்து, அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.