இடது கை ஆட்டக்காரர்

எங்கள் கம்பெனி டவுன்ஷிப்பில், பிளாக் பூங்காவில் கிளப்காரர்கள் ஆறு இரும்புக் கூடைகளை நட்டது 2016-இல். ஒரு கம்பம், அதன் தலையிலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே கூடை. பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். அது சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுந்தால் அடுத்த கூடைக்குப் போகலாம். எறிந்த எண்ணிக்கை குறைந்தால் வெற்றி. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். நாங்கள் தட்டு எறிகிறது என்போம். முதல் கூடை இருபது தப்படிதான், ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம் என்று போர்டில் எழுதியிருந்தது. என்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போனேன்.

தட்டு கொடுக்கிற ஷெட்டில் பெரியண்ணன் என்கிறவர் இருந்தார். கிளப்பில் காண்ட்ராக்ட் ஆள். நோட்டைத் திறந்து, “ரெண்டு பேரு எழுதணுங்க. ஒருத்தர் எறிஞ்சா இன்னொருத்தர் எண்ணணும், ரூல்ஸ்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்குப் போனால் ஜோடியாக வா என்கிறார்கள், சரி. தட்டு எறியவுமா?

“மலர்கொடி, விஜயராஜ்னு எழுதுங்க. வூட்டுக்காரர் வந்துகினு இருக்கார்” என்றேன்.

வூட்டுக்காரர் அப்போது வடக்கே கம்பெனியின் ஒரு ப்ராஜெக்ட்டில், இரண்டு ரயில் மாறிப் போகிற தூரத்தில் இருந்தார். ஒரு வருஷம் என்று சொல்லிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் அபி கோயம்புத்தூர் ஹாஸ்டலில். க்வார்ட்டர்ஸில் நானும் ஃப்ரிட்ஜும்தான். அதுவாவது நடுநடுவே சத்தம் போடும்.

பொய் சொன்னாலும் ஆட்டம் ஆட்டம்தானே. சிவப்புத் தட்டை வலது கையால் எனக்கு எறிந்தேன், நீலத் தட்டை இடது கையால் அவருக்கு. அவர் தட்டு கூடையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. வீட்டுக்கு வந்து போன் போட்டேன்.

“இன்னிக்கி நான் இருபது, நீங்க முப்பத்தஞ்சு. தோத்துட்டீங்க.”

“தட்டு எறியறதா? வூட்டுல எறிஞ்சது பத்தலையா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் தாங்கியது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். “சார் இன்னிக்கும் வரலைங்களா?” என்பார் பெரியண்ணன். “ஷிஃப்ட்டுங்க” என்பேன். இந்த ஊரில் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள். போனில் நான் கணக்குச் சொன்னால் விஜயராஜ் இப்போதெல்லாம், “சரி, அப்புறம்?” என்பார். அப்புறத்துக்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

மார்கழி வாக்கில் ஒரு வேடிக்கை நடந்தது. இடது கை தேறிவிட்டது. அதற்கு ஜெயிக்கும் ஆசை இல்லை, அதனால் பதற்றமும் இல்லை. நான் இருபதிலேயே நிற்க, அவர் பதினேழுக்கு வந்துவிட்டார்.

ப்ராஜெக்ட்டிலிருந்து திரும்பி வர விரும்புகிறவர்கள் தை முடிவதற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று சர்குலர் வந்திருந்தது. “குடுத்துடறேன்” என்று விஜயராஜ் சொல்லியிருந்தார். நான் தட்டு எறிந்ததெல்லாம் அந்தத் தேதி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளத்தான்.

பொங்கல் கழிந்து கிளப்பில் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று மாதத்தில் குறைந்த கணக்கு, முதல் பரிசு: விஜயராஜ். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பேராசை வந்தது. அங்கேயே நின்று போன் போட்டேன்.

“உங்களுக்குத்தான் முதல் பரிசு. நாலு நாள் லீவு போட்டு வாங்க. அந்த பேப்பரைக் குடுத்துட்டீங்க இல்ல?”

“மலரு, நான் அதைக் குடுக்கல. இங்க பழகிப்போச்சு. இன்னும் மூணு வருஷம் இருந்துடறேன்.”

“அப்ப நானு?”

“உனக்கென்ன, க்வார்ட்டர்ஸ் இருக்குது, தெரிஞ்ச ஊரு. உனக்குந்தான் பழகிப்போச்சே.”

பழகவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பழகவில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

பரிசளிப்பு அன்று பேரை வாசித்தார்கள். நான் மேடையேறினேன். கிளப் செயலாளர் சிவப்பிரகாசம் ஒரு ஹாட்பேக்கை நீட்டியபடி மைக்கிலேயே கேட்டார்: “சார் வரலைங்களா? ஷிஃப்ட்டா?”

வழக்கமான பதிலை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். தலையாட்டியிருந்தால் போதும். தலை ஆடவில்லை.

“இல்லைங்க. அவர் இந்த ஊர்லயே இல்ல. வரவும் மாட்டார். ரெண்டு தட்டையும் நான்தான் எறிஞ்சேன்.”

கீழே யாரோ சிரித்தார்கள். சிவப்பிரகாசம் ஹாட்பேக்கைக் கொடுக்கவும் முடியாமல் திருப்பி வைக்கவும் முடியாமல் நின்றார். மேடைக்குப் பக்கத்திலிருந்து பெரியண்ணன், “கையி வேற வேறங்க சார். அது எடது கையி. நான் பாத்துகினுதான் இருந்தேன்” என்றார். எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தான். பரிசு அடுத்து இருந்தவருக்குப் போனது. நானும் கைதட்டினேன்.

அடுத்த ஞாயிறு போகக்கூடாது என்றுதான் இருந்தேன். நாலு மணிக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. பூங்கா போர்டில் புதுப் பெயின்டில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: தனியாகவும் விளையாடலாம். எனக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். நல்ல மனசோடு எழுதியது என்று தெரிந்தும் அந்த வரியை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

பெரியண்ணன் என் பேரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, சிவப்புத் தட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

ஆறு கூடையும் முடித்து மணியைப் பார்த்தேன். இரண்டு தட்டோடு ஆடினால் இருட்டுகிறவரை இழுக்கும். ஒன்றோடு ஆடினால் முக்கால் மணி நேரம்தான். மணி ஐந்துகூட ஆகவில்லை.