அரை நாள் முன்னால் போன தடங்கள்

பெல்காசம் என்ற ஒட்டகக்காரனின் காலடித் தடங்கள் அவனைவிட அரை நாள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. காலையில் மணலில் தடம் விழும். பிற்பகலில் ஆள் வந்து அதே தடத்தில் கால் வைப்பான். பிறவியிலிருந்தே அப்படித்தான். பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் யாரும் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை, அதுபோல இதை அவன் வீட்டாரும் சொல்லவில்லை. துனீசியாவின் தெற்குக் கோடியில், எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரனும் அந்தப் பக்கம் புதிதாக வந்திறங்கிய இத்தாலிக்காரனும் முறைத்துக்கொண்டு நின்ற 1913-ஆம் ஆண்டு, தந்திக் கம்பிக்குக் காவல் இருந்த ஒருவன் விடியற்காலையில் சுடப்பட்டுக் கிடந்தான். பிணத்தருகே ஒரே ஓர் ஆளின் தடம். எதிரே இருந்த பாறை மேட்டில் நின்று எவனாவது சுட்டிருப்பானோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரெஞ்சு ராணுவத்துக்குத் தடம் பார்த்துச் சொல்லும் கர்சல்லா குனிந்தார், நிமிர்ந்தார், "பெல்காசம்" என்றார், குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தார். முப்பது வருஷமாக அவர் சொல் பிசகியதில்லை. மனித முகம் அவருக்கு நினைவில் நிற்காது, பாதம் மட்டும் மறக்கவே மறக்காது. சொன்ன கையோடு தடத்தைப் பிடித்துக் கிழக்கே ஓடினார். அன்று பிற்பகல் பெல்காசம் அந்தக் கூட்டத்துக்கு சலாம் சொல்லிவிட்டு நடந்து போனான். பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரென்று பாராமலே பதில் சலாம் சொன்னார்கள்.

தன் தலைக்கு உலை வைத்தாகிவிட்டது என்று அவன் அடுத்த கிணற்றடியில்தான் கேள்விப்பட்டான். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தடம் எல்லையைத் தாண்டிய அன்றே பிரெஞ்சு லெப்டினன்ட், குற்றவாளியை ஒப்படையுங்கள் என்று இத்தாலியக் கேப்டனுக்குக் கடிதம் எழுதினார். கேப்டன் ஆள் அனுப்பித் தேடிவிட்டு, தடம் வந்திருக்கிறது, ஆள் வரவில்லை, வழக்கு முடிந்தது என்று பதில் எழுதி முத்திரை குத்திய பிற்பாடு ஆள் வந்து சேர்ந்தான். லெப்டினன்ட் மறுபடி எழுதினார். அதற்குள் தடம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது, ஆகவே அவன் உங்களுடைய ஆள் என்றார் கேப்டன். நாற்பது நாளில் பதினோரு கடிதங்கள். இத்தாலிக்காரன் பொய் சொல்கிறான் என்று பிரெஞ்சுக்காரனும், பிரெஞ்சுக்காரனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று இத்தாலிக்காரனும் மேலிடத்துக்கு எழுதினார்கள். கடைசியில் துப்பாக்கி இல்லாமல் கர்சல்லா ஒருவர் மட்டும் எல்லை தாண்டலாம் என்று ஒரு சீட்டு கிடைத்தது.

சூரியன் எழும்போது அவர் தடத்தோடு போய்ச் சேர்ந்தது பெல்காசமின் அக்காள் முபாரக்காவின் கூடாரத்துக்கு. தடம் வாசல் தாண்டிப் பாய்வரைக்கும் போய் நின்றிருந்தது. பாயில் ஆள் இல்லை. முபாரக்கா பதறவில்லை. சூடான பார்லி ரொட்டியை ஆலிவ் எண்ணெயோடு முன்னால் வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்கண்ணே. வந்த சோலிய அப்புறம் சொல்லலாம்."

ராத்திரி முழுக்க நடந்த பசி. இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் தான் செய்த மடத்தனம் அவருக்கு உறைத்தது. ஒரு கூடாரத்தில் ரொட்டி தின்றவன் மூன்று நாளைக்கு அந்தக் கூடாரத்து ஆள் மேல் கை வைக்கக் கூடாது. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.

நண்பகல் கழிந்து பெல்காசம் வந்தான். கர்சல்லா வழக்கம்போல் காலைத்தான் பார்த்தார். வலது கால், காலையிலேயே விழுந்திருந்த தடத்தின் மேல் இறங்கியது. ஒரு மணல் துகள்கூட நகரவில்லை. இடது காலும் அப்படியே. பாய் வரைக்கும் பதினேழு காலடி, பதினேழும் அச்சுப் பிசகாமல் விழுந்தது.

"அந்த கர்சல்லா நீங்கதானா? நாப்பது நாளா என் காலுக்குப் பின்னாலயே ஓடுனீங்களே, ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா? நான் பின்னாடிதானே வந்துக்கிட்டிருந்தேன்!"

"அன்னிக்கு விடியக்காலையில நீ எங்கப்பா இருந்தே?"

"கெணத்தடியில. ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டிக்கிட்டு."

கர்சல்லா ரொட்டியைக் கீழே வைத்தார். பாதம் சரி, நேரம் தப்பு. ஒரு நிரபராதியின் கழுத்தில் தன் சத்தியத்தால் கயிறு மாட்டியிருக்கிறோம் என்ற வெட்கம் அவரைத் தின்றது. திரும்பி வா, கோர்ட்டில் நானே என் சத்தியத்தைத் திருப்பி எடுக்கிறேன் என்று கெஞ்சினார். முபாரக்கா சீறினாள்.

"உங்க வாய்க்கொழுப்புக்கு என் தம்பி தலையக் கேக்குறீங்களா? எந்திரிச்சுப் போங்கண்ணே!"

பெல்காசம் பிடி கொடுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை கூடார வாசலிலிருந்து மேற்கே, பிரெஞ்சு எல்லையை நோக்கி, தடம் கிளம்பியிருந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்தான். "நான் முடிவு பண்றதுக்கு முன்னாடியே இது கெளம்பிடும்க்கா, உனக்குத் தெரியாதா" என்று சொல்லிச் செருப்பை மாட்டினான். அக்காள் மணலை வாரித் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள்.

விசாரணை நாள் காலை எட்டு மணிக்கு நீதிபதி, லெப்டினன்ட், துபாஷி எல்லாரும் உட்கார்ந்திருக்க, கர்சல்லா எழுந்து தன் சத்தியத்தைத் திருப்பி எடுத்தார். அன்று அங்கே இருந்தது இவன் பாதம்தான், இவன் இல்லை என்றார். துபாஷி மொழிபெயர்க்கக் கூசினான். நீதிபதி சிரித்தார், பிறகு கோபித்தார், மரண தண்டனை எழுதப் பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு சிப்பாய் அலறினான். எல்லாரும் சன்னலுக்கு ஓடினார்கள். பெல்காசம் சங்கிலியோடு கூண்டில் நின்றுகொண்டிருக்க, அப்போதுதான் பெருக்கிவிட்ட முற்றத்து மணலில் அவன் தடம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. கோர்ட் படியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வெளிவாசலை நோக்கிப் போனது. நீதிபதி கீழே இறங்கி, ஒரு தடத்தைத் தன் பூட்சால் அழித்தார். அது மறுபடி விழுந்தது. தப்பிக்கப் போகிறான், காவலை மூன்று மடங்காக்குங்கள் என்று கத்தினார் லெப்டினன்ட். கர்சல்லா மண்டியிட்டுத் தடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எசமான், ஓடுறவனுக்கு விரல் பக்கம் ஆழமாப் பதியும். இவன் குதிகால ஊன்றிப் போறான். சங்கிலி இழுத்த கோடு இல்ல. வாசல்கிட்ட நின்னு செருப்பு வாரக்கூட இழுத்து விட்டிருக்கான். இது விடுதலையான ஆளோட நடை."

நீதிபதி அரை மணி நேரம் வெயிலில் நின்றார். பிறகு மேலே போய், ஓர் இடத்தில் தடம் இருந்தது என்பதால் ஆளும் அங்கே இருந்தான் என்று ஆகாது என்று தீர்ப்பு எழுதினார். சாயங்காலம் நான்கு மணிக்குப் பெல்காசம் அந்தத் தடங்களில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து வெளியே போனான். வாசலில் நின்று செருப்பு வாரை இழுத்து விட்டான். பக்கத்தில் நின்ற கர்சல்லாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராணுவம் கர்சல்லாவை அன்றே வேலையிலிருந்து நீக்கியது. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பேசாத வாய்தான் பனிக்காலம் முழுக்க அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

வசந்தத்தில் ஒரு நாள் விடியும்போது ஆடுகளை அவிழ்க்க வெளியே வந்தவர், கூடார வாசலில் புதிய தடங்களைக் கண்டார். அவை கிழக்கிலிருந்து நேராக வந்து, வாசலில் தயங்காமல், உள்ளே விருந்தாளிப் பாயில் போய் முடிந்திருந்தன. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அடியே, அந்தக் கொழுத்த கடாவ அறுக்கணும், அடுப்பப் பத்த வை! மத்தியானம் விருந்தாளி வர்றான்!"

கறி வெந்து இறக்கியபோது பெல்காசம் வந்து பாயில் உட்கார்ந்தான்.