மூக்கம்மாளுக்கு ஒரு கையில்லா ஸ்வெட்டர்

மதுரையில் இடது மார்பை எடுத்த பிறகு, மூக்கம்மாளுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கியது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கணவன் பேச்சிமுத்துவோடு இருந்தாள். ஆடி மாதக் குளிரில் அவளுடைய ஒரே ஸ்வெட்டர் அந்தக் கைக்கு முழங்கையைத் தாண்டி ஏறவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்று பேச்சிமுத்து போனில் சொன்னபோது, "கையில்லாம ஒண்ணு நான் பின்னிக் கொண்டாறேண்ணே" என்று செல்லக்கிளி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவளும் மூக்கம்மாளும் போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் அருகருகே உட்கார்ந்து காய் தரம் பிரித்தவர்கள். செல்லக்கிளி தன் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். அதுவும் போனில் வீடியோ பார்த்துத்தான். இப்போது அவள் தேடிய வீடியோ எதிலும் மூக்கம்மாளின் உடம்பு இல்லை. எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பவர்களுக்கானவை, தலைவழியாக மாட்டுபவை. மூக்கம்மாளால் கையைத் தூக்க முடியாது. முன்னால் திறந்து பட்டன் வைக்க வேண்டும். போனை மூடிவிட்டு, தன் முதுகை மனதில் வைத்து முதுகுத் துண்டைக் குத்துமதிப்பாகப் பின்னினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மேலே போனாள். முதுகுத் துண்டு சரியாக இருந்தது. கை நுழையும் வளைவுக்கு அளவாக, கம்பளி நூலை இடது தோளையும் அக்குளையும் சுற்றிப் பிடித்து, நுனி சேர்ந்த இடத்தில் அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டாள். மார்புப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. மூக்கம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"போதும்டி. மிச்சத்த நீயாப் பின்னிக்க."

வீட்டில் அந்த இடது முன்பக்கம்தான் ஓடவில்லை. வலதுபோலவே பின்னினால் வெறும் பையாகத் தொங்கும். குறைத்துப் பின்னினால், 'நான் பார்த்துவிட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகும். பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். கிடங்கில் பருங்காயையும் பொடிக்காயையும் கலந்துபோட்டு ஏச்சு வாங்கினாள். கடைசியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலவே முடித்து எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மலையேறினாள்.

வலது கை நுழைந்தது. இடது கை நுழையவில்லை.

"நாந்தான் தப்பாப் பின்னிட்டேன்," என்று செல்லக்கிளி பதறிப்போய் அந்த அளவு நூலை எடுத்துச் சுற்றினாள். போன வாரம் நுனி சேர்ந்த முடிச்சு இப்போது இரண்டு விரல் அளவு எட்டவில்லை. தோளைத் தொட்டவளுக்கு உள்ளங்கை சுட்டது. கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். முழங்கைவரை சிவந்து மினுமினுத்தது.

"ஏண்டி, எத்தன நாளா இப்படி இருக்கு?"

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும். விடு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

மூக்கம்மாள் போர்வையைக் கைமேல் இழுத்துக்கொண்டாள். உதடு நடுங்கியது. அது குளிர் நடுக்கமா, காய்ச்சலா, பயமா என்று செல்லக்கிளிக்குத் தெரியவில்லை. வாசலுக்கு ஓடி, "அண்ணே, வெரசா ஜீப்பக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள்.

வாடகை ஜீப் ஓட்டும் வெள்ளைத்துரை வந்தான். மூடுபனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். ஒவ்வொரு வளைவிலும் மூக்கம்மாளின் கை எதிலும் இடிக்காமல் செல்லக்கிளி தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். பேச்சிமுத்து முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"கிளி," என்றாள் மூக்கம்மாள், அவனுக்குக் கேட்காதபடி. "அது திரும்ப வந்துருச்சுன்னு சொன்னாங்கன்னா, நான் மறுபடி மதுரைக்குப் போக மாட்டேன்."

அந்த வியாதி திரும்ப வந்துவிட்டதோ என்றுதான் செல்லக்கிளியும் நினைத்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஏந்திக்கொண்டாள்.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைப் புரட்டிப் பார்த்து, விரலிடுக்கில் ஒரு சிறு புண்ணைக் கண்டுபிடித்தார்.

"இது என்னம்மா?"

"அட்டை கடிச்சது. அரிச்சுச்சு, சொறிஞ்சேன்."

"அது வழியாத்தான் கிருமி ஏறியிருக்கு. பழைய வியாதி மாதிரித் தெரியல. ஆனா இன்னும் தாமதிச்சிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். இந்தக் கையில சின்னக் கீறல் பட்டாலும் உடனே வந்துரணும்."

பேச்சிமுத்து வராந்தாவில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மருந்து ஏறி, காய்ச்சல் இறங்க நாலைந்து நாளாயிற்று. செல்லக்கிளி கிடங்குச் சோலி முடிந்ததும் வந்து, கட்டிலருகே ஸ்வெட்டரைப் பிரித்து, கை நுழையும் வளைவைத் தாராளமாக்கினாள். இடது முன்பக்கம் வந்தபோது ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் பக்கத்த எப்படிப் பின்னட்டும்?"

மூக்கம்மாள் அவளையே பார்த்தாள். ஆப்பரேசனுக்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

"இருக்கிறபடிக்கே பின்னு," என்றாள். பிறகு சேலையை விலக்கி, "அளவு எடுத்துக்க" என்றாள்.

முடிந்தபோது அது கோணலாகத்தான் இருந்தது. இடது பக்கம் தட்டையாக, ஒடுங்கி. பட்டன் வரிசை நேராகவே இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் அன்று நர்சு, "பட்டன் என்ன இப்படி ஓரமாப் போகுது?" என்று சிரித்தாள். செல்லக்கிளிக்கு முகம் சுண்டிப்போனது. "எனக்குன்னு பின்னுனது. இப்படித்தான் போகும்," என்று சொல்லிவிட்டு மூக்கம்மாள் ஜீப்பில் ஏறினாள்.

அதன்பின் செல்லக்கிளி தினமும் சாயங்காலம் போன் செய்தாள்.

"கை சூடா இருக்கா?"

"இல்லடி. ஏன் தினம் தினம் உசுர வாங்குற?"

"சும்மா சொல்லாத. தொட்டுப் பாத்துச் சொல்லு."

மறுமுனையில் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும். "ஜில்லுனுதான் இருக்கு" என்று கேட்கிறவரை செல்லக்கிளி மூச்சை விடமாட்டாள்.