முப்பத்தாறு வரிசை

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சூப்பர் என்கிறார்கள். என் மனைவிக்குக் கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண் அப்படித்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனவள் சுண்டுவிரலை ஒரு நெல்லளவு அசைத்தால் "சூப்பர்மா!" மாத்திரையை விழுங்கினாலும் "சூப்பர்மா!" நாற்பது வருஷம் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். பிரேக் பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் இல்லை. அதற்குமேல் அங்கே யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வாய்நிறையப் புகழ்கிறவனை நான் நம்புவதில்லை.

அதற்காக நான் ஒழுங்கு என்று சொல்லவில்லை. அவள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்த காலமெல்லாம், "கடையிலதான் தொங்குதே, வேற வேலையில்ல உனக்கு" என்று ஏசினவன்தான். கை விழுந்த அன்று, பேத்தியின் ஸ்வெட்டருக்கு முதுகுப்பக்கம் முப்பத்தாறு வரிசை முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள், ஊசியிலிருந்து கண்ணிகள் நழுவுவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அதைக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்."

ஏற்றினேன்.

"அப்படியே ஒரு வரிசை போடுங்க. உள்ள விட்டு, நூலைச் சுத்தி, இழுத்து... ஐயோ, போல்ட்டா முடுக்குறீங்க? லேசாங்க!"

இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வரிசைக்கு அரைமணி நேரம் ஆனது எனக்கு.

மறுநாள் அவள் கேட்காமலே எடுத்தேன். அப்புறம் அவள் மதியம் எப்போது கண்ணயர்வாள் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். பட்டறையில் அடுத்தவன் உடைத்ததைத்தான் மாட்டியிருக்கிறேன். இங்கே வெறும் நூல் என் விரலிடுக்கில் துணியாகி மடியில் இறங்கியது. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம். அதுவும் அவள் கை விழுந்ததால் வந்த சந்தோஷம். அவள் புரண்டு படுத்தால், திருட்டுப் பொருளைப் போலத் தலையணைக்கு அடியில் செருகுவேன்.

பயிற்சிப் பெண் ஒருநாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டாள். "சூப்பர் அங்கிள்! இதுவரைக்கும் அம்மா போட்டது, இங்கேருந்து நீங்க. பார்த்தாலே தெரியுது."

தெரியத்தான் செய்தது. அவளுடையது மெத்தென்று, என்னுடையது அட்டை மாதிரி. நடுவில் ஒரு கோடு. அவள் கை நின்ற இடம் அது. என்னுடையதை மட்டும் பிரித்துத் திருத்தலாம் என்று அன்று மதியம் உட்கார்ந்தேன். நூல் சரசரவென்று வந்தது. அந்தக் கோட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். அடியிலிருந்து எல்லாமே என் கையாக இருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு ஆசை. நிறுத்தவில்லை.

அவள் பின்னியிருந்த நூல் நெளிநெளியாகக் கிடந்தது. வெட்டி, உருண்டையாகச் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுநூலில் ஆரம்பித்தேன். முடிக்க மூன்று வாரம். கோடு இல்லை. காட்டாமல் இருக்க முடியவில்லை. அவள் மடியில் விரித்தேன்.

இடது உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டினாள். அடிஓரம் வரை வந்து மறுபடி மேலே போனாள். மறுபடி கீழே.

"என்னோடது எங்க?"

"அளவு சரியா வரலை. பிரிச்சுட்டேன்."

"என் அளவா சரியில்ல?"

சுருண்டிருந்த ஓரத்தை இழுத்து நீவிவிட்டேன்.

"நூலையாவது வெச்சிருக்கீங்களா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எலுமிச்சை அளவு உருண்டை. அதை வலது கையில் வைத்து, அசையாத விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினாள். பிறகு எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கைப்பக்கத்தை இதுல போடுங்க."

"நெளிஞ்சு கிடக்கே."

"போடப் போட நேராயிடும். முதுகு நல்லாத்தான் வந்திருக்கு. நிஜமா."

நிஜமா என்று எதற்குச் சேர்த்தாள்? அவளும் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் கற்றுக்கொண்டுவிட்டாளோ? உருண்டையை வாங்கிக்கொண்டு, அவளுக்கு வெந்நீர் வைக்க எழுந்து நடந்தேன். அறை வாசற்படி தாண்டும்போதுதான் உருண்டை என் கைக்குள் சுழல்வது தெரிந்தது. நூல்முனை பின்னால், அவள் வலது கையிலேயே தங்கியிருக்க வேண்டும். விரல் பிடித்திருக்கிறதா, சும்மா மாட்டியிருக்கிறதா? நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். உருண்டை சுழன்று சுழன்று சிறுத்துக்கொண்டே வந்தது.