வெள்ளைக் கோடு போடாத மேடு

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதில் கண்ணாடிக்காரருக்கு நல்ல பழக்கம் உண்டு. இந்தத் தடவை மண்ணோடு சிமெண்டும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு முழுக்க உண்ட மயக்கத்தில் கிடந்த நேரம் பார்த்து, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் தன் வீட்டு வாசலுக்கு நேராகத் தெருவின் குறுக்கே ஒரு வேகத்தடையைக் கட்டி முடித்தார். நகராட்சியிடம் கேட்டிருந்தால் பேரன் காலத்தில் வந்து அளந்துவிட்டுப் போவார்கள். எவ்வளவு உயரம் வைப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று ஏற்றிவிட்டார்.

மனைவி வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "என்னங்க இது, யானையப் புதைச்ச மாதிரி?"

"காய்ஞ்சா அமுங்கிடும்."

"சிமெண்டு எந்த ஊர்ல அமுங்கிச்சு?"

"நாளைக்கு பெயிண்டு வாங்கி வெள்ளைக் கோடு போட்டுட்டா எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஈரச்சாக்கைப் போட்டு மூடினார்.

எல்லாம் 'இடி'க்காகத்தான். அவர் வீட்டைத் தாண்டினால் இடியின் வீடு ஒன்றுதான். அதோடு தெரு முடிகிறது. இடிக்கு அம்மா வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். அந்தத் தெருவில் யாரும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. அவன் காரின் சைலன்சர் குழாயைக் கழற்றிக் குடம் மாதிரி வாயுள்ள வேறொன்றை மாட்டியிருந்தான். காலையில் அதைக் கிளப்பினால் கண்ணாடிக்காரர் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்து ஓரத்துக்கு வரும். மனைவி பேசுவதில் பாதி காதில் விழாது. இந்த ஒரு லாபத்தை மட்டும் அவர் வெளியே சொல்வதில்லை. போய்க் கேட்டால் இடி சிரிப்பான். "ஓட ஓட சரியாயிடும் சார்." ஓட ஓடச் சத்தம்தான் ஏறியது.

திங்கட்கிழமை காலை சாக்கை எடுத்துவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டார். வேடிக்கை பார்க்க டீயும் கையோடு. கார் கேட்டை விட்டு வெளியே வந்து உறுமிப் பாய்ந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: சாம்பல் நிறத் தார்ரோட்டில் சாம்பல் நிற மேடு. ஊருக்கெல்லாம் கண் தெரிய வைத்துப் பிழைக்கிறவன், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான்.

கார் எகிறியது. இறங்கும்போது அடியில் ஏதோ கிழிந்தது. குடம் வாய்க் குழாய் கழன்று உருண்டு வந்து, புகார் கொடுக்க வந்ததுபோல அவர் கேட்டையே தட்டியது. குழாய் போன கார் முன்னைவிடப் பல மடங்கு அலறியது. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பிறகு அலறல் நின்றது. இடி இறங்கிப் பின்கதவைத் திறந்து மண்டியிட்டான். பின் சீட்டில் அவன் அம்மா. ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சோதிக்கக் கிளம்பியவள். முன் சீட்டைக் கட்டிப்பிடித்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

கண்ணாடிக்காரர் டீயை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. ஓடினார். இடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகத் தூக்கி அவளைச் சீட்டில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். "முதுகுல படக்குன்னுச்சு தம்பி" என்றாள் அம்மா, ஏதோ அவரைத் தொந்தரவு செய்துவிட்டதுபோல.

முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருந்தது. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றே கடப்பாரையை எடுத்தார். மனைவி பிடுங்கிக்கொண்டாள். "இப்பப் போய் உடைச்சா நீங்கதான் கட்டுனீங்கன்னு ஊரக் கூட்டிச் சொன்ன மாதிரி. தெருவுல எல்லாரும் நகராட்சி போட்டதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

"அந்தம்மாவுக்கு முதுகு போனது அதனாலயாடி?"

"கொழம்பு அடிப்பிடிக்குது, அப்புறம் பேசலாம்" என்று உள்ளே போனாள். அடுப்பு அணைந்திருந்தது.

அதனால் கோடு மட்டும் போட்டார். வெள்ளை பளிச்சென்று. எதிர்வீட்டுக்காரர் நின்று பாராட்டினார். "நகராட்சி செய்ய வேண்டியத நீங்க செய்யறீங்க சார். உங்கள மாதிரி நாலு பேர் வேணும்." கண்ணாடிக்காரர் தூரிகையைத் தின்றுவிடலாமா என்று பார்த்தார்.

இடி சாதாரணக் குழாயை மாட்டிக்கொண்டான். அதோடு விடவில்லை. அம்மா தூக்கம் கெடக்கூடாது என்று காலையில் காரைக் கிளப்பாமலே தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனான். மேட்டில் கார் ஏறாது. தோளைக் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கண்ணாடிக்காரர் லுங்கியோடு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினார்.

"பரவால்ல சார், உங்களுக்கு எதுக்கு."

"இருக்கட்டும் தம்பி."

அதற்குப் பிறகு தினமும் தள்ளினார். அவர் இத்தனை நாள் ஆசைப்பட்ட அமைதி அது. டயர் தாரில் தேய்வதும், இரண்டு பேர் மூச்சிரைப்பதும் மட்டும்தான் கேட்கும்.

கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த டாக்டரிடம் ஜாடையாகக் கேட்டார். "தெரிஞ்சவங்க ஒருத்தங்க, வயசானவங்க. வண்டி குலுங்குனா முதுகெலும்பு உடையுமா?"

"அந்த வயசுல எலும்பு சாக்பீஸ் மாதிரி. தும்முனாலும் உடையும்" என்றார் டாக்டர். அந்தத் தும்மலை மனதுக்குள் பொத்தி வைத்துக்கொண்டு கொஞ்சநாள் தூங்கினார்.

பிறகு அம்மாவே ஆளனுப்பினாள், கண்ணாடி வேண்டுமென்று. லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், படுத்திருந்தவளின் முகத்துக்கு மேலே குனிந்து நின்றார். அவள் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. இருமல் வேறு பிடித்திருந்தது.

"இது தெளிவா இருக்காம்மா, இதுவா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு தம்பி."

கடைக்கு வருகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் சுலபத்தில் பதில் வாங்க முடியாத தொழில் அது.

"எத பாக்கணும்மா உங்களுக்கு? படிக்கவா, தூரத்துக்கா?"

"தெருமுனை தெரியணும். முன்னெல்லாம் அவன் வண்டி சத்தம் அங்கருந்தே கேக்கும். புள்ள வந்துட்டான்னு சோத்த சூடு பண்ணுவேன். இப்ப சத்தமே வர்றதில்லையா, போறானா வர்றானான்னு ஒண்ணும் தெரியல. கண்ணாலயாச்சும் பாக்கலாம்னு."

அவர் லென்ஸைப் பெட்டியில் வைத்தார். "அன்னைக்கு... அந்த மேட்டுல குலுங்கினப்பதானம்மா வலி வந்துச்சு?"

"வண்டின்னா குலுங்கத்தான செய்யும்" என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேர்த்து ஊத்துது உங்களுக்கு. அந்த ஃபேனப் போட்டுக்கங்க."

லென்ஸை அவரே உட்கார்ந்து தேய்த்தார். ஒரு கீறல் விழுந்ததாகத் தோன்ற, மறுபடி முதலிலிருந்து. அது முடிவதற்குள் இருமல் நெஞ்சுச் சளியாகி, படுத்தே கிடந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோது அமரர் வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினான். வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிந்தது.

சில நாள் கழித்து இடி கடைக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. "அம்மா கண்ணாடி ரெடியாயிடுச்சா சார்? வாங்கிட்டுப் போறேன்."

வேறு நாற்காலி இல்லாததால் கண் சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை. கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அம்மா போனது... அந்த மேட்டுனாலயா?"

அதெல்லாம் இல்ல சார், வயசாயிடுச்சு என்று அவன் சொல்லப்போகிறான். அதைக் கேட்டதும் விட வேண்டிய பெருமூச்சைக்கூட அவர் தயாராக வைத்திருந்தார்.

இடி அவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினான். அதன் கால்களை மடக்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

"ஆமா சார்" என்றான். "அந்த மேட்டுனாலதான். நீங்க கட்டுனதுன்னு அன்னைக்கே தெரியும். அம்மாவத் தூக்கும்போது பாத்தேன், உங்க செருப்பெல்லாம் சிமெண்டு. நான் வேகமா வந்தேன், அதுவும்தான். மெதுவா வந்திருந்தாலோ, அங்க மேடு இல்லாம இருந்திருந்தாலோ, அம்மா இன்னைக்கு வீட்டுல இருப்பாங்க."